வகுப்பு முடிந்ததும் பத்து நிமிடம்: கல்லூரியில் பாடம் எடுக்கத் தொடங்கியவர்களுக்கு

கடலூர், புதுச்சேரி பக்கம் கல்லூரிகளில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நிரந்தரப் பணியோ, கௌரவ விரிவுரையாளர் பணியோ, எதுவாக இருந்தாலும் சரி. நெட், செட் என்ற தகுதித் தேர்வுகளில் ஏதோ ஒன்றில் தேறியிருப்பீர்கள், பிஎச்.டி.யும் முடித்திருப்பீர்கள், பாடம் நன்றாகத் தெரியும். அதை அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் எப்படிச் சொல்லித்தருவது என்று மட்டும் யாரும் உட்காரவைத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். பள்ளி ஆசிரியருக்கு பி.எட். உண்டு, அதில் டீச்சிங் பிராக்டிஸ் உண்டு. நமக்கு அப்படி எதுவும் கட்டாயம் இல்லை. புத்தொளிப் பயிற்சியெல்லாம் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் வருகிறது. அதனால் தினமும் எடுக்கும் வகுப்பிலிருந்தே நாம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ரிஃப்ளெக்டிவ் பிராக்டிஸ் என்று கல்வியியலில் சொல்வது இதைத்தான்.

நாம் எல்லோருமே வகுப்பு முடிந்ததும் கொஞ்சம் யோசிக்கத்தான் செய்கிறோம். கடலூரில் பஸ் ஏறினால் முள்ளோடை வருவதற்குள் "இன்னைக்கு கிளாஸ் நல்லா போச்சு" அல்லது "பசங்க இன்னைக்கு சரியில்ல" என்று ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம், தவளக்குப்பம் தாண்டும்போது வீட்டு நினைப்பு வந்துவிடுகிறது. இந்த யோசனையால் அடுத்த வகுப்பு மாறுவதில்லை. ஏனென்றால் அது நம் மனநிலையைப் பற்றிய யோசனை. வகுப்பில் மாணவர்கள் என்ன செய்தார்கள், என்ன சொன்னார்கள் என்பதைப் பற்றி யோசிக்க வேண்டும், அதை எழுதிவைக்க வேண்டும், அதிலிருந்து அடுத்த வகுப்பில் ஏதாவது ஒன்று மாற வேண்டும். இந்த மூன்றில் எது விட்டுப்போனாலும் மிச்சம் இருப்பது வெறும் திருப்தியோ வருத்தமோதான்.

இது நேற்று வந்த விஷயம் இல்லை. நாம் நம்புவதை அப்படியே ஏற்காமல், அதற்கு என்ன ஆதாரம் என்று கவனமாக, விடாமல் ஆராய்ந்து பார்ப்பதுதான் சிந்தனை என்று அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயி 1910லேயே எழுதினார். 1983ல் டொனால்ட் ஷான் என்பவர், கட்டடக் கலைஞர்களும் மனநல சிகிச்சையாளர்களும் வேலை செய்யும்போது எப்படி யோசிக்கிறார்கள் என்று பார்த்து, இதில் இரண்டு வகை உண்டு என்றார்: வேலை நடந்துகொண்டிருக்கும்போதே யோசித்து அங்கேயே மாற்றிக்கொள்வது, முடிந்த பிறகு திரும்பிப் பார்ப்பது. முதல் வகை பல வருட அனுபவத்தில் தானாகக் கைவரும் என்று நினைக்கிறோம். என் பார்வையில், இரண்டாவதை ஒழுங்காகச் செய்கிறவர்களுக்குத்தான் முதலாவது சீக்கிரம் வருகிறது. எனவே இரண்டாவதிலிருந்தே தொடங்குவோம்.

எதை எழுதுவது

ஒரு சாதாரண நாற்பது பக்க நோட்டு போதும். கல்லூரியில் கொடுக்கும் வொர்க் டைரியில் இதை எழுத வேண்டாம், அது ஹெச்.ஓ.டி. (துறைத் தலைவர்) கையெழுத்துக்குப் போகிற டைரி. அதில் யாரும் "இன்று பாதிப்பேருக்குப் புரியவில்லை" என்று எழுத மாட்டார்கள், எழுதவும் முடியாது. நீங்கள் மட்டும் படிக்கிற நோட்டில்தான் உண்மை வரும். வகுப்பு முடிந்து பத்து நிமிடத்துக்குள் எழுதினால் நல்லது, ஏனென்றால் மாலைக்குள் மாணவர் சொன்ன வார்த்தை மறந்து நம்முடைய விளக்கம் மட்டும்தான் நினைவில் நிற்கும். ஸ்டாஃப் ரூமில் பேச்சு நடக்கும், அங்கே எழுத வராது. காலியான வகுப்பறையோ நூலகமோ பாருங்கள். தொடர்ந்து மூன்று பீரியட் இருக்கும் நாளில் பத்து நிமிடத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள், நியாயம்தான். அந்த நாட்களில் போனில் இரண்டு வரி குரல் பதிவு செய்துகொள்ளுங்கள். எல்லா வகுப்புக்கும் எழுத வேண்டியதும் இல்லை. வாரத்துக்கு ஒரு பேப்பரில் இரண்டு வகுப்பு என்று வைத்துக்கொண்டாலே செமஸ்டர் முடிவில் நிறைய கையில் இருக்கும்.

முதலில் நடந்ததை மட்டும் எழுதுங்கள், தீர்ப்பு வேண்டாம். "தேய்மானம் நடத்தினேன், பாதிப்பேர் கவனிக்கவில்லை, சலிப்பாக இருந்தது" என்பது தீர்ப்பு (தேய்மானம் என்பது இயந்திரம் போன்றவை வருடா வருடம் இழக்கும் மதிப்பைக் கணக்கிடுவது). அதே வகுப்பைப் பற்றி இப்படி எழுதலாம்:

"பி.காம். முதலாண்டு, மூன்றாவது பீரியட். தேய்மானம், குறைந்து செல் மதிப்பு முறை. ஒரு லட்ச ரூபாய் இயந்திரம், 10 சதவீதம். முதல் வருடத்துக்கு எல்லோரும் 10,000 சரியாகப் போட்டார்கள். இரண்டாவது வருடத்துக்கு, நான் நடந்துபோய்ப் பார்த்த இரண்டு வரிசையிலும் பலர் மறுபடி 10,000 போட்டிருந்தார்கள், 9,000 வர வேண்டும். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு மாணவி, 'பத்து பர்சன்ட்னா எப்பவுமே பத்தாயிரம்தானே மேடம்' என்று கேட்டாள்."

எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். முதல் குறிப்பை வைத்துக்கொண்டு நாளைக்கு ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவதில் அந்த மாணவி சொன்ன ஒரு வாக்கியம் போதும், வகுப்பு எங்கே தடுக்கி நிற்கிறது என்று தெரிந்துவிடுகிறது. சதவீதம் எப்போதும் வாங்கின விலைக்குத்தான் என்று அவள் நினைக்கிறாள். அது நேர்கோட்டு முறைக்குச் சரி. அங்கே வருடா வருடம் அதே 10,000தான். இங்கே ஒவ்வொரு வருடமும் மிச்சமிருக்கும் மதிப்பில் கணக்கிட வேண்டும். அவளுக்குக் கணக்கு தெரியாமல் இல்லை, எந்தத் தொகையில் கணக்கிடுவது என்பதுதான் தெரியவில்லை.

காரணம் தேடும்போது

இந்த இடத்தில்தான் அவசரப்படாமல் இருக்க வேண்டும். மனதுக்கு முதலில் வரும் காரணம் பெரும்பாலும் "கவனிக்கல", "பேசிக் இல்ல", "இந்த பேட்ச் இப்படித்தான்" என்பதாக இருக்கும். இதில் உண்மை கொஞ்சம் இருக்கலாம். ஆனால் இந்தக் காரணங்களை வைத்துக்கொண்டு நாம் செய்யக்கூடியது எதுவும் இல்லை என்பதால் இவற்றை ஓரமாக வைத்துவிட்டு, நாம் மாற்றக்கூடிய காரணங்கள் இன்னும் ஓரிரண்டு இருக்கிறதா என்று தேடுங்கள். மேலே சொன்ன வகுப்பையே எடுத்துக்கொள்வோம். போர்டில் முதல் வருடக் கணக்கு மட்டும்தான் இருந்ததா? முதல் வருடத்தில் இரண்டு முறைக்கும் விடை ஒன்றுதான், 10,000; அதைப் பார்க்கிறவருக்கு வேறுபாடு எப்படித் தெரியும்? பிளஸ் டூவில் வணிகவியல் படிக்காமல் அறிவியல் பிரிவிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர்? தமிழில் கணக்குப்பதிவியல் படித்துவிட்டு வந்தவர்களுக்கு 'ரிட்டன் டவுன் வேல்யூ' என்ற பெயர் புரிந்ததா, அவர்கள் பள்ளியில் படித்த குறைந்து செல் மதிப்பு முறைதான் இது என்று யாராவது சொன்னார்களா?

ஒவ்வொன்றையும் அடுத்த வகுப்பிலேயே சோதித்துப் பார்க்கலாம் என்பதுதான் இதில் நல்ல விஷயம். வகுப்பின் தொடக்கத்தில் இரண்டு முறையிலும் மூன்று வருடத்துக்குப் பக்கத்துப் பக்கத்தில் போடுங்கள், ஒரு பக்கம் 10,000, 10,000, 10,000, மறுபக்கம் 10,000, 9,000, 8,100. போட்டுவிட்டு எதுவும் விளக்காமல், ஏன் வேறுபடுகிறது என்று அவர்களையே பக்கத்தில் இருப்பவரிடம் பேசச் சொல்லுங்கள். பிறகு நான்காவது வருடத்தைப் போடச் சொல்லி அதே இரண்டு வரிசையைப் போய்ப் பாருங்கள். 7,290 வந்தால் சரி, உங்கள் காரணம் சரியாகத்தான் இருக்கிறது. வரவில்லை என்றால் அடுத்த காரணத்துக்குப் போக வேண்டும். ஒரு வகுப்பில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான்கைந்தை ஒரே நேரத்தில் மாற்றினால் எது பலித்தது என்றே தெரியாது.

கிரஹாம் கிப்ஸ் என்ற கல்வியாளர் 1988ல் கொடுத்த ஆறு படிகள் கொண்ட சுழற்சி ஒன்று இருக்கிறது, செவிலியர் படிப்பில் அதிகம் பயன்படுத்துகிறார்கள்: என்ன நடந்தது, என்ன உணர்ந்தேன், எது நன்றாக இருந்தது எது இல்லை, ஏன், வேறு என்ன செய்திருக்கலாம், அடுத்து என்ன. விருப்பம் இருந்தால் அதைப் பின்பற்றலாம். தினசரி வேலைக்கு மூன்று கேள்வி போதும் என்பது என் அபிப்பிராயம்: என்ன நடந்தது, ஏன் இருக்கலாம், அடுத்த வகுப்பில் எதை மாற்றப்போகிறேன். ஆனால் கோபமோ அவமானமோ வந்த நாளில் மட்டும் அந்த உணர்வை ஒரு வரி எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் அது நடந்ததைப் பற்றிய குறிப்புக்குள்ளேயே புகுந்துகொள்கிறது.

மாணவர்களிடம் கேட்பது

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது மேடம்" என்று கோரஸ் வரும். அதற்கு அர்த்தம் வகுப்பை முடியுங்கள் என்பதுதான். அந்தக் கேள்வியை விட்டுவிடுவது நல்லது.

அதற்குப் பதிலாக, வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது கால் தாள் கிழித்துக் கொடுத்து, பெயர் எழுதாமல் இரண்டு கேள்விக்குப் பதில் எழுதச் சொல்லுங்கள். இன்று தெளிவாகப் புரிந்தது எது, இன்னும் குழப்பமாக இருப்பது எது. தமிழிலேயே எழுதலாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், இது மிக முக்கியம். பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, புவனகிரி பக்கத்து அரசுப் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கில வழி வகுப்பில் வந்து உட்காரும் பிள்ளைகள் நிறைய. அவர்களுடைய மௌனம் பாதி நேரம் பாடத்தைப் பற்றியதே இல்லை, ஆங்கிலத்தில் தப்பாகக் கேட்டுவிடுவோமோ என்ற பயம். தமிழில் எழுதச் சொன்னால் அந்தக் கால் தாளில் அவ்வளவு துல்லியமான கேள்விகள் வரும், படிக்கும்போது மனசு நிறைந்துவிடும். புதுச்சேரியில் இதே விஷயம் இன்னொரு மாதிரி. மாஹேயிலிருந்து மலையாளமும் ஏனாமிலிருந்து தெலுங்கும் பேசுகிற மாணவர்கள் வருவார்கள், காலாப்பட்டு பல்கலைக்கழகத்தில் பல மாநிலத்தவர் இருப்பார்கள். நாம் தமிழில் விளக்கி வகுப்பே சிரித்து மகிழ்ந்த இடத்தில் இரண்டு பேர் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கலாம். யார் யாருக்கு எந்த மொழி என்பது உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.

அறுபது தாளைப் படிக்கக் கால் மணி நேரம் ஆகும். மதிப்பெண் போட வேண்டாம், மூன்று குவியலாகப் பிரித்தால் போதும்: புரிந்தவர்கள், ஒரே இடத்தில் குழம்பியவர்கள், எதுவுமே பிடிபடாதவர்கள். அடுத்த வகுப்பில் நுழைந்ததும் "நீங்கள் நிறைய பேர் இதை எழுதியிருந்தீர்கள், அதனால் இன்று இதை மறுபடி பார்க்கப் போகிறோம்" என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். இதைச் சொல்லாமல் விட்டால் அடுத்த முறை "எல்லாம் ஓகே" என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். யாரும் படிப்பதில்லை என்று தெரிந்தால் யார்தான் எழுதுவார்கள்?

வகுப்பு பழகிய பிறகு, மாதம் ஒரு முறை கொஞ்சம் பெரிதாகக் கேட்கலாம். ஸ்டீஃபன் புரூக்ஃபீல்ட் என்ற கல்வியாளர் ஐந்து கேள்விகள் வைத்திருக்கிறார்: எந்த நேரத்தில் வகுப்போடு ஒன்றியிருந்தீர்கள், எந்த நேரத்தில் விலகிப்போனீர்கள், யார் செய்த எது உதவியது, எது குழப்பியது, எது உங்களை ஆச்சரியப்படுத்தியது. ஆசிரியர் நன்றாக நடத்துகிறாரா என்று இதில் எங்குமே கேட்கவில்லை, அதனால்தான் பதில் நேர்மையாக வருகிறது. கையெழுத்து தெரிந்துவிடும் என்று பயப்படுவார்கள். கூகுள் ஃபார்மில் கேட்டால் மின்னஞ்சல் சேகரிப்பதை அணைத்துவிட்டு, அணைத்திருப்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள். செமஸ்டர் முடிவில் நாக் (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் அமைப்பு) மதிப்பீட்டுக்காக வாங்கும் கருத்துப் படிவம் இதற்கு ஈடாகாது. அது கையில் கிடைக்கும்போது அந்த மாணவர்கள் அடுத்த செமஸ்டருக்குப் போயிருப்பார்கள்.

இன்னொன்று. யார் பதில் சொல்கிறார்கள் என்று பாருங்கள். நோட்டில் பெஞ்ச் வரிசையைக் கட்டம் கட்டமாகப் போட்டுவைத்து, ஒரு வகுப்பு முழுக்கப் பேசியவர் இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். பல வகுப்புகளில் புள்ளிகள் முன் பெஞ்சில் நான்கு பேரிடமே குவிந்திருக்கும், அவர்கள் தலையாட்டுவதைப் பார்த்து வகுப்பே தலையாட்டுவதாக நாம் நினைத்துக்கொண்டிருப்போம். இதற்கு ஓர் எளிய மாற்றம் உண்டு. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் பள்ளி வகுப்புகளைப் பதிவுசெய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடி அளவுக்குத்தான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீளமாயின, வழக்கமாகப் பேசாத மாணவர்களும் பேசினார்கள். ஆங்கிலத்தில் கேட்ட கேள்வியை மனதுக்குள் தமிழாக்கி, பதில் யோசித்து, மறுபடி ஆங்கிலமாக்கும் பிள்ளைக்கு மூன்று நொடிகூடப் போதாது, ஐந்து கொடுங்கள். மனதுக்குள் எண்ணுங்கள். அந்த அமைதி முதலில் சங்கடமாகத்தான் இருக்கும், போகப்போகப் பழகிவிடும்.

பக்கத்து வகுப்பு ஆசிரியர்

நம் முதுகு நமக்குத் தெரியாது. அதனால் யாராவது ஒருவரை ஒரு பீரியட் பின் பெஞ்சில் வந்து உட்காரச் சொல்லுங்கள். மேலதிகாரி வேண்டாம், உங்கள் நிலையிலேயே இருப்பவர் நல்லது. குறிப்பாக கௌரவ விரிவுரையாளர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். பணி தொடருமா என்ற கவலையோடு ஒருவர் முன்னால் திறந்து பேச முடியாது. வேறு துறையாக இருந்தால் இன்னும் நல்லது, பாடத்துக்குள் போகாமல் மாணவர்களை மட்டும் பார்ப்பார். "எப்படி இருந்துச்சு?" என்று பொதுவாகக் கேட்டால் "சூப்பர் மேடம்" என்றுதான் வரும். ஒரே ஒரு கேள்வி கொடுத்து உட்காரவையுங்கள்: எந்த நிமிடத்தில் பின் பெஞ்ச் பேனாவைக் கீழே வைத்தது, நான் போர்டைப் பார்த்துப் பேசியது எவ்வளவு நேரம், இப்படி. பதிலுக்கு நீங்களும் அவர் வகுப்பில் போய் உட்காருங்கள்.

ஆள் கிடைக்காவிட்டால் மேசையில் போனை வைத்து உங்கள் குரலைப் பதிவுசெய்து கேளுங்கள். மாணவர் குரலும் பதிவாகும் என்பதால் முன்கூட்டியே சொல்லி, கேட்டு முடித்ததும் அழித்துவிடுங்கள். வீடியோ வேண்டாம்.

நம் கையில் இல்லாதவை

இப்படி எழுத ஆரம்பித்தவர்கள் சிலர் எல்லாவற்றுக்கும் தங்களையே குற்றம் சொல்லிக்கொண்டு சோர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். அது வேண்டாம். நோட்டில் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, என்னால் மாற்ற முடியாதது ஒரு பக்கம், அதற்குள் நான் செய்யக்கூடியது மறுபக்கம் என்று எழுதுங்கள்.

தேவனாம்பட்டினம் பெரியார் கலைக் கல்லூரி ஆகட்டும், லாஸ்பேட்டை தாகூர் கலைக் கல்லூரி ஆகட்டும், கிராமங்களிலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளைகள் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. பஸ் தாமதமானால் முதல் பீரியடில் பத்து நிமிடத்துக்குப் பாதி வகுப்பு காலியாக இருக்கும். பஸ்ஸை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் அன்றைய முக்கியமான வரையறையை அந்தப் பத்து நிமிடத்தில் சொல்லாமல் இருக்க முடியும். அந்த நேரத்தில் முந்தைய வகுப்பின் கணக்கு ஒன்றைக் கொடுங்கள், வந்தவர் போடட்டும், தாமதமாக வந்தவரும் நடுவில் சேர்ந்துகொள்ளலாம்.

மழையும் அப்படித்தான். வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, கடலூரில் அது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2011 டிசம்பரில் தானே புயல், 2015 வெள்ளம், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் என்று நாம் பார்த்ததுதான். ஒரு சாதாரண வருடத்தில்கூட நவம்பரில் லீவு விட்டு விட்டு வரும். ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டு போகிற கடினமான யூனிட்டை அந்த மாதத்தில் வைத்தால் ஒவ்வொரு லீவுக்குப் பிறகும் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். சிலபஸ் வரிசையை மாற்றத் துறையில் அனுமதி இருந்தால், அதைச் செப்டம்பருக்குள் முடித்துவிட்டு, தனித்தனியாக நிற்கக்கூடிய தலைப்புகளை மழைக் காலத்துக்கு வையுங்கள்.

செமஸ்டர் முடிந்ததும்

இன்டர்னல் தேர்வுத் தாள்களைத் திருத்தும்போது, மொத்த மதிப்பெண் போடுவதோடு நிற்காமல், எந்தக் கேள்வியை எத்தனை பேர் தொடவே இல்லை என்று ஒரு ஓரத்தில் கோடு போட்டு எண்ணிக்கொண்டே வாருங்கள். பிறகு நோட்டை எடுத்து ஒரே மூச்சில் படியுங்கள். தனித்தனியாக எழுதும்போது தெரியாத ஒன்று இப்போது தெரியும். ஒரே மாதிரி தடுமாற்றம் வேறு வேறு யூனிட்டில் திரும்பத் திரும்ப வந்திருக்கும். தேய்மானத்தில் வந்த அதே குழப்பம், எந்தத் தொகைக்குச் சதவீதம் என்பது, கூட்டு வட்டியிலும் வரியிலும் வந்திருக்கலாம். அப்படி என்றால் அடுத்த வருடம் முதல் வாரத்திலேயே அதற்கு ஒரு வகுப்பை ஒதுக்கிவிடலாம்.

மாற்றிப் பார்த்ததில் பலிக்காததையும் குறித்துவைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வருடம் அதையே புது யோசனை என்று மறுபடி செய்வோம். யூனிட்டுக்கு அரைப் பக்கம் வீதம் எழுதி சிலபஸ் பிரதிக்குள் செருகிவிடுங்கள்: எங்கே தடுக்குகிறது, எந்த எடுத்துக்காட்டு வேலை செய்தது, எதற்கு நேரம் போதவில்லை. ஜூனில் டைம்டேபிள் வரும்போது பேப்பர் வேறு ஒருவருக்குப் போயிருந்தால் அந்த அரைப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து அவரிடம் கொடுங்கள். நோட்டு மட்டும் உங்களிடமே இருக்கட்டும்.